ராணுவ டயோரமா: எந்த மண், எந்தச் சேறு, எந்த நீர்?

ராணுவ டயோரமா, அதாவது வண்டியும் வீரரும் நிலமுமாக ஒரு போர்க்காலக் காட்சியைச் சிறு அளவில் காட்டும் மாதிரி, செய்யத் தொடங்குகிற பெரும்பாலோர் முதலில் டாங்கியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை ஒட்டி, வண்ணம் பூசி, அழுக்கேற்றி முடித்த பிறகே அது எந்தத் தரையில் நிற்கப்போகிறது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையில் போனால் வண்டி தனியாகவும் தரை தனியாகவும் அழகாக அமைந்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நாளில் இருந்தவை என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு வராது. தேர்ந்த கையா, பழகாத கையா என்பது சங்கிலித்தடம் மண்ணைத் தொடும் ஓரிரு சென்டிமீட்டருக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. எனவே இங்கே ஒப்பிடப்படும் பொருள்களையும் உத்திகளையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன்: வண்டியையும் தரையையும் ஒன்றாக்க அது எவ்வளவு உதவுகிறது? விலை, வேகம், எளிமை ஆகியவை அதற்குப் பிறகுதான்.

பொதுப்படையாகப் பேசினால் எல்லா உத்தியும் நல்ல உத்தியாகவே தோன்றும் என்பதால், ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 1944 மார்ச் மாதம். மேற்கு உக்ரைனில் பனி உருகி, கருமண் சாலைகள் குழைந்து கிடக்கும் பருவம். புதிதாகப் படைக்கு வந்த ஒரு சோவியத் டி-34/85 டாங்கி சாலையோரம் நிற்கிறது, இரண்டு மூன்று வீரர்கள் அருகில் இருக்கிறார்கள். சேறு, தேங்கிய நீர், மிச்சமிருக்கும் அழுக்குப் பனி, போன ஆண்டின் காய்ந்த புல், பாதி உதிர்ந்த வெள்ளைப் பூச்சு எல்லாம் இதில் வருவதால், முடிவெடுக்க வேண்டிய கேள்விகளும் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடுகின்றன.

காலத்தையும் இடத்தையும் முன்கூட்டியே இப்படிக் குறித்துக்கொண்டால், பின்னால் வரும் பல தேர்வுகள் தாமாகவே முடிவாகிவிடும். டி-34/85 போர்முனைக்கு வந்ததே 1944-இன் தொடக்க மாதங்களில்தான். அதை 1943 ஜூலையில் நடந்த குர்ஸ்க் போர்க்களத்தில் நிறுத்தினால், எவ்வளவு அருமையான சேறும் அந்தப் பிழையை மறைக்காது. ஜெர்மன் டாங்கிகள் மீது பூசப்பட்ட சிம்மரிட் என்ற வரிவரியான பசைப்பூச்சும் அப்படித்தான்; 1943 கோடையின் பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரைதான் தொழிற்சாலைகள் அதைப் பூசின. அந்த வண்டிகளின் அடிப்படை நிறம் அடர் சாம்பலிலிருந்து அடர் மஞ்சளுக்கு மாறியது 1943 பிப்ரவரியில். நம் காட்சியில் வண்டி பிறந்தே சில வாரங்கள்தான் ஆகியிருக்கும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம். வண்ணம் பூசும்போது அது மிகவும் பயன்படும்.

அளவுவிகிதம்

1/35, 1/48, 1/72 ஆகிய மூன்றுமே கடையில் தாராளமாகக் கிடைப்பவை. 1/72 என்பது ஆறடி மனிதனை ஓர் அங்குலத்தில் காட்டும் கணக்கு. 1/48 என்பது ஓர் அடியைக் கால் அங்குலமாக்கும் கணக்கு. 1/35-க்கு அத்தகைய கணக்கு எதுவும் கிடையாது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் தன் பேந்தர் டாங்கி மாதிரியை மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி வடிவமைத்தபோது ஏறக்குறைய அந்த அளவு அமைந்தது. அது நன்றாக விற்றதால் அதுவே தரைப்படை மாதிரிகளின் பொது அளவாக நிலைத்துவிட்டது. தற்செயலாக வந்த அளவு என்றாலும், இன்று வீரர் உருவங்கள், ஆயுதங்கள், பெட்டிகள், செங்கற்கள், மரஇலைகள் என்று துணைப்பொருள் எதை எடுத்தாலும் 1/35-இல் கிடைப்பதுபோல் வேறெதிலும் கிடைப்பதில்லை.

டி-34-இன் உடல் நீளம் சுமார் 6.1 மீட்டர், அகலம் 3 மீட்டர். 1/35-இல் இது 174 மில்லிமீட்டர் நீளமும் 86 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. 1/48-இல் 127-க்கு 62. 1/72-இல் 85-க்கு 42. 1.75 மீட்டர் உயரமுள்ள வீரர் முறையே 50, 36, 24 மில்லிமீட்டராகிறார். இந்த எண்களைத் தரையின் கண்ணோடு பார்க்க வேண்டும். வண்டியில் 5 சென்டிமீட்டர் தடிமனில் ஒட்டிய சேறு 1/35-இல் 1.4 மில்லிமீட்டர், அதைப் பசையால் நிஜமாகவே தடிமனாக அப்ப முடியும். 1/72-இல் அதுவே 0.7 மில்லிமீட்டர், அங்கே சேற்றைப் பொருளாகக் காட்டுவதைவிட நிறமாகக் காட்டுவதுதான் பெரும்பாலும் எடுபடும். மண்ணில் கலக்கும் 1 மில்லிமீட்டர் மணல் 1/35-இல் மூன்றரை சென்டிமீட்டர் கூழாங்கல். 1/72-இல் கைப்பிடி அளவுக் கல். சிறிய அளவில் செய்யப்பட்ட டயோரமாக்கள் பல, பாறை நிலத்தில் டாங்கி நிற்பதுபோல் தெரிவதற்குச் சலிக்காத மணல்தான் காரணம்.

ஆகவே சேறும் மனித முகங்களும் கதை சொல்ல வேண்டிய காட்சிக்கு 1/35 சிறந்தது. நான்கு மீட்டர் அகலச் சாலை அதில் பதினொன்றரை சென்டிமீட்டரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஒரு வண்டியும் அதைச் சுற்றிய சிறு நிலமும்தான் ஒரு சாதாரண அலமாரிக்குள் அடங்கும். ஒரு படைப்பிரிவே ஆற்றைக் கடப்பதையோ, ஊர் நடுவே வண்டிகள் வரிசையாகப் போவதையோ காட்ட விரும்புகிறவர் 1/72-க்குத்தான் போக வேண்டும். 1/48 இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டின் குறைகளையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. விமானத்தின் அருகே எரிபொருள் வண்டி நிற்பது போன்ற விமானத்தளக் காட்சி என்றால் மட்டும் அதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

தரையின் உடல்

அடித்தளத்துக்குப் பலகை, தெர்மோகோல், அடர்நுரைப் பலகை ஆகிய மூன்றில் அடர்நுரைப் பலகையே வசதியானது. கத்தியால் செதுக்கினால் மேடு பள்ளம் கிடைக்கும், மணிமணியாக உதிராது, எடையும் குறைவு. தெர்மோகோலும் இதுவும் ஒரே பாலிஸ்டைரீன் குடும்பம் என்பதால் லாக்கர் ஸ்ப்ரே, அசிட்டோன், சாதாரண சூப்பர் குளூ ஆகியவை இரண்டையும் கரைத்துக் குழியாக்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. நீரில் கரைத்த வெள்ளைப் பசையையோ அக்ரிலிக் வண்ணத்தையோ முதலில் ஒரு கோட்டாகப் பூசி மூடிவிட்டால் அந்த ஆபத்து பெருமளவு நீங்கும். மெல்லிய பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரமான பொருளைப் பரப்பினால் காயும்போது அது வளைந்துகொள்ளும் என்பதால், நுரைப் பலகையைத் தடித்த மரத்தளத்தில் ஒட்டிய பிறகே மேல்வேலையைத் தொடங்குவது நல்லது.

அதன் மேல் வரும் மண்ணுக்குத்தான் உண்மையான போட்டி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவானது; நீரோடு வேதிவினை புரிந்து இறுகுவதால் உலரும்போது சுருங்குவதில்லை; இறுகிய பின் கூரிய கருவியால் செதுக்கினால் கல் பாவிய சாலை, சிதைந்த சுவர், செங்கல் குவியல் ஆகியவை அதில் வருவதுபோல் வேறெதிலும் வராது. ஆனால் அது இறுகும் வேகம் சேற்றுக்குப் பகை. குழைவாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் தடங்களையும் காலடிகளையும் பதித்துவிட வேண்டும். தவறினால் உடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. மேலும், எங்காவது ஓரம் பெயர்ந்தால் உள்ளிருக்கும் வெண்மை பளிச்சென்று தெரியும். கலக்கும்போதே பழுப்பு நிறமியைச் சேர்ப்பது இதற்கு மருந்து.

காகிதக்கூழ் களி இதற்கு நேரெதிர். அது நீரை இழந்தே உலர்வதால் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. உலரும்போது சுருங்கி, சட்டத்தின் ஓரத்திலிருந்து விலகவும் செய்யும். வெள்ளைப் பசை கலந்து, மெல்லிய அடுக்குகளாகப் பரப்பினால் சுருக்கம் குறையும். பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சில துளி கிருமிநாசினி சேர்ப்பவர்களும் உண்டு. இத்தனை தொல்லையிருந்தும் சேற்றுக்காட்சிக்கு நான் இதையே முன்வைப்பேன். பல மணி நேரம் குழைவாக இருப்பதால் சங்கிலித்தடத்தைப் பதித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் தடவிச் சமன்செய்து, மீண்டும் பதிக்கலாம். வீரரின் பூட்ஸ் புதையும் ஆழத்தைக்கூட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்து அமைக்கலாம். பதற்றமில்லாமல் யோசிப்பதற்கு நேரம் தரும் பொருள் என்பதே அதன் பெரிய தகுதி.

தயார்நிலையில் கிடைக்கும் அக்ரிலிக் மண்பசைகள் மூன்றாவது வழி. தடிமனாக அப்பினால் விரிசல் விடும், பெரிய பரப்புக்குச் செலவும் கூடும். ஆகவே முழுத் தரையையும் இதனால் நிரப்புவது வீண். ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் மேற்தோலாகப் பூசினால் இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: அதே டப்பாவிலிருந்து எடுத்து வண்டியின் சக்கரங்களிலும் அடிப்பகுதியிலும் அப்பலாம். தோட்டத்து மண்ணைச் சலித்து, வறுத்துக் கிருமி நீக்கி, வெள்ளைப் பசையில் கலந்து பயன்படுத்துவோரும் இதே நன்மையை அடைகிறார்கள். உண்மை மண் என்பதால் உண்மையாகத் தெரியும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. பசையில் நனைந்ததும் அது எதிர்பார்த்ததைவிடக் கறுத்துவிடும், வண்ணம் பூசியே தீர வேண்டும்.

நம் காட்சிக்கு என் தேர்வு ஒரு கலவை: நுரைப் பலகை எலும்பு, காகிதக்கூழ் உடல், அக்ரிலிக் பசையும் சலித்த மண்ணும் கலந்த மேற்தோல். கல் பாவிய நகரத் தெருவாக இருந்தால் பிளாஸ்டர். கோடைப் புழுதிச் சாலையாக இருந்தால் மெல்லிய பசைத்தோலும் நிறமித்தூளும் போதும்.

முதலில் வண்டியா, தரையா?

இந்தக் கேள்விக்கு விடை சக்கரங்களில் இருக்கிறது. பெரும்பாலான கிட்டுகளின், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகத் தொகுப்புகளின், விளக்கத்தாள் சக்கரங்களை வண்டியின் உடலோடு இணைக்கும் சக்கரக் கைகள் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் ஒட்டச் சொல்கிறது. தட்டையான மேசைக்கு அது சரி. மேடுபள்ளமான தரையில் வைத்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும், சங்கிலித்தடம் பள்ளத்தின் மேல் பாலம் போட்டு நிற்கும். நிஜத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கி நிலத்தோடு பொருந்துகிறது. ஆகவே தரையின் வடிவத்தை, குறைந்தபட்சம் நுரைப் பலகை நிலையிலாவது, சக்கரக் கைகளை ஒட்டுவதற்கு முன் முடிவுசெய்துவிட வேண்டும். வண்ணம் பூசி முடித்த வண்டியை ஈரக் களியில் அழுத்துவதைவிட, வண்ணம் பூசாத நிலையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி அழுத்திப் பதிவெடுத்துவிட்டு, இறுதியில் அதே பள்ளத்தில் கொண்டுவந்து பொருத்துவது பாதுகாப்பானது. தளத்தின் அடியிலிருந்து வண்டியின் வயிற்றுக்குள் ஒரு திருகாணியைச் செலுத்தி இறுக்கிவிட்டால், பல டன் எடையுள்ள வண்டி நிலத்தை அமுக்குகிற தோற்றம் வரும். எடுத்துச்செல்லும்போது பிடுங்கிக்கொள்ளவும் செய்யாது.

டி-34-இன் தடம் 500 மில்லிமீட்டர் அகலம். 1/35-இல் 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். குழைந்த சாலையில் அது 20 சென்டிமீட்டர் புதைந்தால் தரையில் 6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும். பலர் இங்கே கஞ்சத்தனம் காட்டி ஒரு மில்லிமீட்டர் பதிவோடு நிறுத்திவிடுகிறார்கள். பள்ளத்திலிருந்து பிதுங்கிய மண் இருபக்கமும் வரம்பாக உயர்ந்திருக்க வேண்டும். வண்டி திரும்பிய இடத்தில் மண் வளைவின் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டிருக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் மட்டும் தடம் இருந்து முன்னால் இல்லாவிட்டால், அந்தச் சாலையில் முதலில் வந்த வண்டி அதுதான் என்று பொருள். அது கதைக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்கிலித்தடம்

ஒரே துண்டான ரப்பர் போன்ற தடம், நேர்ப்பகுதிகளும் தனிக் கண்ணிகளும் கலந்த பிளாஸ்டிக் தடம், ஒவ்வொரு கண்ணியும் தனியாக அசையும் தடம், உலோகத் தடம் என்று நான்கு வகைகள் உள்ளன. இவற்றில் எது வேண்டும் என்பதை வண்டியின் அமைப்பே சொல்லிவிடும். டி-34-இல் சங்கிலியை மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. மேற்பகுதி தொய்ந்து பெரிய சக்கரங்களின் முதுகில் படிந்து கிடக்கும். ரப்பர் தடம் இந்தத் தொய்வைத் தராமல் விறைத்து நிற்பதால் இந்த வண்டிக்குப் பொருந்தாது. அமெரிக்க ஷெர்மனில் தாங்கும் உருளைகள் உண்டு, தடமும் இறுக்கமாகவே ஓடும். அங்கே கிட்டோடு வரும் தடத்தையே பயன்படுத்திவிட்டு, மிச்சமாகும் பணத்தை வீரர் உருவங்களுக்குச் செலவிடலாம்.

உலோகத் தடம் தன் எடையாலேயே தொய்கிறது. வேதிக்கரைசலில் கறுத்த பின், நிலத்தில் உரசும் பகுதிகளைத் தேய்த்தால் உண்மை உலோகமே மின்னும். இந்த அழகுக்காகவே அதை வாங்குகிறார்கள். ஆனால் நம் காட்சியில் தடத்தின் பாதி சேற்றுக்குள் போகிறது, மீதிப் பாதியில் சேறு அப்பிக்கிடக்கிறது. பார்க்கப்படாத ஒரு மினுமினுப்புக்கு வண்டியின் விலைக்கு நிகராகச் செலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேர்ப்பகுதியும் தனிக் கண்ணியும் கலந்த பிளாஸ்டிக் தடத்தை, பசை முழுதும் இறுகுமுன் வளைத்துத் தொய்வு கொடுத்து வைத்தாலே போதும். வறண்ட நிலத்தில் நிற்கும் வண்டிக்கு உலோகத் தடம் பொருத்தமான ஆடம்பரம்.

வண்ணமும் அழுக்கும்

அமெரிக்க மாதிரிக் கலைஞர் ஷெப்பர்ட் பெயின் 1970-களில் மோனோகிராம் கிட்டுகளுக்காக எழுதிய குறிப்புத்தாள்கள் ஒரு தலைமுறைக்கே டயோரமாவைக் கற்றுக்கொடுத்தன. அக்கால முறையின் தூண்கள் இரண்டு: பள்ளங்களில் இறங்கும் நீர்த்த கரும்பூச்சான வாஷ், வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால் வருடி மேடுகளில் மட்டும் படியவைக்கும் உலர்தூரிகை. இவற்றோடு எண்ணெய் வண்ணப் புள்ளிகளைக் கரைப்பது, நிறமித்தூள்கள், ஹேர்ஸ்ப்ரே உரிப்பு ஆகியவை பின்னர் பரவலாகச் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் காட்டியே தீர வேண்டும் என்ற ஆசைதான் இன்றைய பெரிய ஆபத்து என்பது என் எண்ணம். உலர்தூரிகையை வண்டியின் அகன்ற தகடுகளில் இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன்; சுண்ணாம்படித்ததுபோல் தெரியும். செங்கல் குவியல், கல், மரப்பட்டை ஆகிய சொரசொரப்புகளில் அதற்கு இன்னும் இணையில்லை.

எந்த உத்தியைத் தேர்ந்தெடுத்தாலும் கரைப்பான்களின் வரிசை காக்கப்பட வேண்டும். லாக்கரோ அக்ரிலிக்கோ அடியில் இருந்தால், அது நன்கு உலர்ந்த பின் ஒயிட் ஸ்பிரிட்டில் கரையும் எனாமல், எண்ணெய் வண்ணங்களை மேலே தாராளமாகப் பூசித் துடைக்கலாம். எனாமல் மேல் லாக்கரை அடித்தால் அடிப்பூச்சு சுருண்டுகொள்ளும். ஒயிட் ஸ்பிரிட்டை அளவுக்கு மீறி ஊற்றினால் வண்ணம் தாங்கினாலும், இழுவையில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகளில், முக்கியமாகச் சக்கர அச்சுகளில், அது ஊறி விரிசலை உண்டாக்கிவிடும்.

இப்போது வண்டியின் வயதை நினைவுபடுத்திக்கொள்வோம். சில வாரங்களே ஆன வண்டியில் ஆழ்ந்த துரு இருக்க முடியாது. பச்சை வண்ணம் ஏறி இறங்கும் இடங்களில் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கடற்பஞ்சுத் துண்டால் தொட்டுவைப்பதும் நுண்தூரிகையும் போதும். ஒரு தொடுகையின் அளவு தூரிகையின் கையில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் புள்ளி 1/35-இல் பதினேழு மில்லிமீட்டர் கீறல், 1/72-இல் மூன்றரை சென்டிமீட்டர் கீறல் என்ற கணக்கு மனதில் இருந்தால் கை தானாகவே அடங்கும். குளிர்கால வெள்ளைப் பூச்சுக்குத்தான் ஹேர்ஸ்ப்ரே. பச்சையின் மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்து, அது உலர்ந்ததும் மெல்லிய வெள்ளை அக்ரிலிக் பூசி, சற்று நேரத்தில் ஈரத் தூரிகையால் தேய்த்தால், அடியிலுள்ள ஹேர்ஸ்ப்ரே நீரில் இளகி வெள்ளையை உரித்துவிடுகிறது. உண்மையான வெள்ளைப் பூச்சும் கழுவினால் போகும்படி பூசப்பட்ட தற்காலிகப் பூச்சுதான் என்பதால், உரியும் விதமும் ஒத்துப்போகிறது. வெள்ளையைத் தடிமனாகப் பூசினாலோ நாள்கணக்கில் விட்டுவிட்டாலோ உரிப்பது கடினமாகும்.

சேற்றை வண்டியில் ஏற்ற மூன்று வழிகள்: நிறமித்தூளை அக்ரிலிக் பிசினில் குழைப்பது, தயார்நிலை எனாமல் சேறு, தரைக்குப் பயன்படுத்திய அதே அக்ரிலிக் பசை. எனாமல் சேற்றைப் பூசிய பிறகும் ஒயிட் ஸ்பிரிட்டால் இளக்கித் திருத்தலாம் என்பது பெரிய வசதி. நிறமித்தூளின் நிறம் உலர்ந்த நிலையில் மிக இயல்பானது. ஆனால் நிலைநிறுத்தும் திரவம் பட்டதும் கறுக்கும், காய்ந்ததும் மீண்டும் வெளுக்கும், இடையில் எது இறுதி நிறம் என்று குழப்பும். தரையின் பசையையே வண்டியிலும் பூசினால் நிறம் பொருந்துமா என்ற கேள்வியே எழாது. நான் அதை முதல் அடுக்காக வைத்து, எனாமல் சேற்றை இறுதி ஈர அடுக்காக வைப்பேன். மேலே தெறித்துப் பல நாளாகக் காய்ந்த சேறு வெளிறியும் மங்கியும், கீழே இன்று ஒட்டிய சேறு கறுத்தும் மின்னியும் இருக்க வேண்டும். கருமண் நிலத்தில் செம்பழுப்புச் சேறு பூசிய வண்டிகளைப் பார்க்க நேர்கிறது. அந்த நிறமித்தூள் கையிருப்பில் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

நீர்

இரு பாகங்களைக் கலந்து ஊற்றும் எப்பாக்சி ரெசின், புறஊதா விளக்கில் இறுகும் ரெசின், அக்ரிலிக் ஜெல், பளபளப்பு வார்னிஷ் ஆகிய நான்கும் நீராகப் பயன்படுகின்றன. ஆறு, குளம் என்றால் எப்பாக்சிதான். தானே சமமாகப் பரவி, கண்ணாடித் தெளிவில் நிற்கும். ஆனால் இறுகும்போது வெப்பத்தை உமிழ்வதால் ஒரே தடவையில் ஆழமாக ஊற்றினால் சூடேறி நுரைத்தளத்தையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கலாம். அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். கரையோரங்களில் அது மேலேறிப் படிவதும், சூரிய ஒளியில் ஆண்டுகள் போகப்போக மஞ்சளாவதும் தெரிந்த குறைகள். அக்ரிலிக் ஜெல் வெண்மையாக இருந்து உலர்ந்ததும் தெளிவடையும். அலையும் நுரையும் எழுப்ப ஏற்றது, ஆழத்துக்கு ஏற்றதன்று.

தடங்களில் தேங்கிய நீருக்கு ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால் புறஊதா ரெசின் போதுமானது. சில நிமிடங்களில் இறுகுவதால் தூசி விழ நேரமிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் திருத்தவும் முடியும். ஆனால் கலங்கிய நீராக்க நிறம் அதிகம் சேர்த்தால் ஒளி உள்ளே இறங்காமல் அடிப்பகுதி பிசுபிசுப்பாகவே தங்கிவிடும். எனவே நிறமேற்றிய அடுக்கு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். சேற்றுக்குட்டை பளிங்குபோல் தெளிந்திருப்பது பெரும்பாலான டயோரமாக்களில் கண்ணை உறுத்தும் பொய். வண்டி இப்போதுதான் கடந்து வந்திருக்கிறது, நீர் எப்படித் தெளியும்? இன்னொன்று: ஒரே பள்ளத்தில் தொடர்ந்து கிடக்கும் நீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஊற்றுவதற்கு முன் தளத்தை நீர்மட்டக் கருவியால் சமன்செய்துகொள்ள வேண்டும். ஈர மண்ணுக்குத் தனி ரெசின் தேவையில்லை. நீரின் விளிம்பைச் சுற்றிப் பளபளப்பு வார்னிஷ், அதற்கு அப்பால் அரைப் பளபளப்பு, பிறகு முழு மங்கல் என்று மெல்ல மாற்றிக்கொண்டு போனால் ஈரம் நிலத்தில் ஊறியிருப்பது புலப்படும்.

புல், பனி, மனிதர்

நிலைமின்சாரக் கருவியால் தூவும் இழைப்புல் இன்று மிகவும் விரும்பப்படுவது. மின்புலத்தின் திசையில் இழைகள் நிமிர்ந்து நின்று ஒட்டுவதால் புல்வெளி உயிர்பெறுகிறது. 2, 4, 6, 12 மில்லிமீட்டர் இழைகளைக் கலந்தால் 1/35-இல் கணுக்கால் அளவிலிருந்து முழங்கால் அளவு வரை எல்லா உயரமும் கிடைக்கும். கோடைக் காட்சிக்கு இதைத்தான் பயன்படுத்த வேண்டும். பனியின் எடையில் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த மார்ச் மாதப் புல்லுக்கோ அந்த நிமிர்ந்த பசுமை பொருந்தாது. சணல் நாரைப் பிரித்து, வைக்கோல் நிறமேற்றி, படுக்கவைத்து ஒட்டுவதே சரி. உண்மையான உலர்செடிகளை நடுவோர் அவை நாளடைவில் நொறுங்கும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். உதிர்ந்த இலைகளுக்குப் பிர்ச் மரத்தின் விதைச்செதில்கள் 1/35-இல் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன.

பனிக்குச் சமையல் சோடா தூவுவது எளிது. ஆனால் ஈரத்தை இழுத்து, காலப்போக்கில் மஞ்சள் பாரிக்கும். நுண்கண்ணாடிக் கோளங்களை அக்ரிலிக் ஊடகத்தில் குழைத்துப் பூசுவது நிலைத்து நிற்கும், உருகும் பனியின் ஈரமினுக்கும் கிடைக்கும். அந்தத் தூளை முகக்கவசமின்றிக் கையாளக் கூடாது. மார்ச் பனி வெண்மையாக இருக்காது என்பதால் நிழலான பள்ளங்களில் மட்டும், விளிம்பில் அழுக்கேறி, சிறு திட்டுகளாக வைத்தால் போதும்.

வீரர் உருவங்களில் பிளாஸ்டிக்கா ரெசினா என்பதைவிட, அவர்கள் காலடி மண்ணுக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். பூட்ஸின் அடிப்பகுதியைச் சற்று அரத்தால் தேய்த்து, சேற்றில் புதைத்து, வண்டியில் பூசிய அதே பசையை முழங்கால் வரை தெறிக்கவிட வேண்டும். ரெசினை அறுத்துத் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் நீரில் நனைத்துத் தேய்ப்பது நல்லது. முகத்தில் தேர்ச்சி வராதவர் ரெசின் தலைகளை மட்டும் வாங்கிப் பிளாஸ்டிக் உடல்களில் பொருத்துவது செலவுக்கு நல்ல பலன் தரும்.

தளத்தின் அளவு குறித்து என் கருத்து கண்டிப்பானது: கதைக்குத் தேவையில்லாத ஒரு சதுர சென்டிமீட்டரும் இருக்கக் கூடாது. நம் காட்சிக்கு 25-க்கு 20 சென்டிமீட்டர் தாராளம். சாலையைச் சட்டத்துக்கு இணையாக ஓட்டாமல் சற்றுச் சாய்த்துக் குறுக்காக ஓட்டினால், காட்சி சட்டத்துக்கு அப்பாலும் தொடர்வதாகத் தோன்றும். மூடுவதற்கு அக்ரிலிக் கண்ணாடிப் பெட்டி தூசியிலிருந்து காக்கும். எண்ணெய் வண்ணமும் எனாமல் சேறும் முழுதாக உலர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கரைப்பானின் வாடை அடங்கும்வரை பெட்டியை மூடாமல் வைத்து, அதன் பின்னரே நேரடி வெயில் படாத இடத்தில் நிரந்தரமாக அமைக்க வேண்டும்.